பொபொலீட்சே போலிக் கோட்டையா? போலந்து ஜூராவில் நான்கு நாள்

கேள்வி, 9 ஏப்ரல் 2024

ஆகஸ்ட்டில் கிராக்கூவ் வருகிறோம். நான், மனைவி, பன்னிரண்டு வயதுப் பையன். அங்கிருந்து செஸ்தகோவா வரை போகும் கழுகுக் கூடுகள் பாதையில் பாழடைந்த கோட்டைகளைப் பார்க்க நான்கு நாள் ஒதுக்கியிருக்கிறோம். படங்களில் பொபொலீட்சேதான் கண்ணைப் பறிக்கிறது. ஆனால் அது புதிதாகக் கட்டிய போலி என்கிறார்கள். போகலாமா, விடலாமா?

9 ஏப்ரல், இரவு

விடுங்கள். 2011இல் திறந்த கோட்டை அது. நான் 2019இல் போனேன். கல்யாண வீட்டு கேக் மாதிரி வழவழவென்று நிற்கிறது, பக்கத்தில் ஹோட்டல் வேறு. அதே பாறைத் தொடரின் இன்னொரு முனையில் மிரூவ் இருக்கிறது, நிஜமான இடிபாடு. அதைப் பாருங்கள். அப்புறம் ஒக்ரோஜெனியெட்ஸ், ஒல்ஷ்டின். போதும்.

10 ஏப்ரல்

நேற்று தூக்கக் கலக்கத்தில் எழுதிவிட்டேன். காரணம் சொல்லாமல் "விடுங்கள்" என்றால் யார் கேட்பார்கள்?

முதலில் அந்த நிலத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். கிராக்கூவுக்கும் செஸ்தகோவாவுக்கும் நடுவில் ஒரு மேட்டுநிலம், ஜூரா என்பது அதன் பெயர். சுமார் 15, 16 கோடி வருஷத்துக்கு முன்னால் அங்கே வெதுவெதுப்பான கடல். கடலடியில் கடற்பஞ்சுகளும் நுண்ணுயிர்களும் சேர்ந்து திட்டுத் திட்டாக மேடு கட்டின. அந்தத் திட்டுகள் இறுகிக் கெட்டிச் சுண்ணாம்புக்கல் ஆயின. இடையில் படிந்த சேறு அடுக்கடுக்கான மெல்லிய கல்லானது. பிறகு மழையும் காலமும் மெல்லியதைத் தின்றுவிட்டன, கெட்டியானது மிஞ்சியது. வயலுக்கு நடுவில், காட்டுக்கு நடுவில், திடீரென்று வெள்ளைப் பாறைகள் செங்குத்தாக எழுந்து நிற்பது இதனால்தான். மிஞ்சி நிற்பது என்ற பொருளில் உள்ளூரில் அவற்றை 'ஒஸ்தானியெட்ஸ்' என்கிறார்கள்.

14ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கசிமிர் ராஜா (ஆட்சி 1333 முதல் 1370 வரை) இந்தப் பாறைகளைப் பார்த்திருக்கிறார். மேற்கே சைலீசியா என்ற பகுதி அப்போது செக் ராஜாவின் கைக்குப் போய்விட்டது, எல்லை இந்த மேட்டுநிலத்தின் ஓரமாகவே ஓடியது. இயற்கை பாதிச் சுவரை எழுப்பி வைத்திருக்க, மீதிப் பாதியைக் கட்டினால் போதும். சில கோட்டைகளை அவர் கட்டினார், சிலவற்றைப் பிரபுக்கள் கட்டினார்கள். "மரப் போலந்தை வாங்கி, கல் போலந்தாக விட்டுப்போனார்" என்று அவரைப் பற்றிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள்கூடச் சொல்லும்.

நான் மயங்குவது இந்தப் பாதிக்குப் பாதியில்தான். மிரூவில் கீழிருந்து அண்ணாந்து பார்த்தால் பாறை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று ஒரு நிமிஷம் பிடிபடாது. அதே கல், அதே நிறம். சுவரை ஒட்டிய சாந்தும் அதே கல்லைச் சுட்டு எடுத்த சுண்ணாம்புதான். ஒரு மூலையில் ஜன்னல் தெரிந்த பிறகுதான், ஓ இது மனுஷன் வேலை என்று புரியும். பொபொலீட்சேயில் அந்தக் குழப்பமே வராது. பாறை ஒரு பீடம், மேலே ஒரு பொம்மை. இதுதான் என் புகார்.

10 ஏப்ரல், கொஞ்ச நேரம் கழித்து

பாதை எவ்வளவு நீளம் என்று கேட்டிருந்த இன்னொருவருக்கு 190 கிலோமீட்டர் என்று பதில் போட்டிருந்தேன். அது சைக்கிள் பாதை. நடைபாதை 163 சொச்சம். இரண்டு வெள்ளைக் கோட்டுக்கு நடுவில் ஒரு சிவப்புக் கோடு, அதுதான் அடையாளம். மரத்தில், பாறையில், சில இடங்களில் வீட்டு மதிலில்கூட இருக்கும்.

நான்கு நாளில் முழுக்க நடக்கிற யோசனை இருந்தால் பையனிடம் முதலில் கேளுங்கள்.

14 ஏப்ரல்

ஊர்ப்பெயர் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை, பட்டுத் தெரிந்துகொண்டது.

ஒல்ஷ்டின் என்ற பெயரில் போலந்தில் இரண்டு ஊர் உண்டு. நமக்கு வேண்டியது செஸ்தகோவாவுக்குத் தென்கிழக்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டரில் உள்ள கிராமம். இன்னொன்று வடக்கே மசூரிய ஏரிகள் பக்கம் இருக்கிற பெரிய நகரம், மாநிலத் தலைநகர். அங்கேயும் ஒரு கோட்டை இருக்கிறது, அதுதான் சதி! நான் போலந்துக்கு வந்த முதல் வருஷம் அறை பதிவு செய்தபோது 'ஒல்ஷ்டின், கோட்டை அருகில்' என்று போட்டிருந்ததைப் பார்த்துச் சந்தோஷமாகப் பணம் கட்டினேன். முந்தின நாள் ராத்திரி ரயில் பார்க்கும்போது ஆறேழு மணி நேரம் என்று காட்டியது. போலந்து ரயில் இவ்வளவு மெதுவா என்று அதைத்தான் முதலில் திட்டினேன்.

ஒக்ரோஜெனியெட்ஸிலும் ஒரு பொறி உண்டு. கோட்டைக்குத்தான் அந்தப் பெயர், கோட்டை நிற்பதோ பொட்ஸாம்சே என்ற பக்கத்துக் கிராமத்தில். ஒக்ரோஜெனியெட்ஸ் ஊரில் இறங்கினால் இன்னும் இரண்டு கிலோமீட்டர் நடை. பொட்ஸாம்சே என்றால் 'கோட்டையடி'. கோட்டை இருக்கிற நாட்டில் கோட்டையடி எத்தனை இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள். மேப்பில் தேடும்போது பக்கத்தில் ஸாவியெர்சே ஊர் தெரிகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

15 ஏப்ரல்

பணம் திரும்ப வந்ததா என்று கேட்கிறீர்கள். வரவில்லை.

21 ஏப்ரல்

ஒக்ரோஜெனியெட்ஸைப் பற்றி ஒரு வரியில் முடித்துவிட்டேன், அது பாவம்.

இந்த மேட்டுநிலத்திலேயே உயரமான இடம் அந்தக் கோட்டை நிற்கும் குன்றுதான், 515 மீட்டர் சொச்சம். ஏற்காடு, கொல்லிமலை பார்த்தவருக்கு இது உயரமே இல்லை. ஆனால் சுற்றிலும் சமமாக விரிந்து கிடப்பதால் மேலே நின்றால் அந்த 515 வேறு மாதிரித் தெரியும்.

இங்கேயும் தொடக்கம் 14ஆம் நூற்றாண்டுக் கோட்டைதான். ஆனால் இன்று நாம் பார்க்கும் பிரம்மாண்டம் செவெரின் போனர் செய்தது. கிராக்கூவின் பெரிய பணக்காரர், ராஜாவுக்கே கடன் கொடுத்த குடும்பம், வியெலிச்கா உப்புச் சுரங்க நிர்வாகமும் கையில் இருந்தது. 1523இல் குடும்பம் வாங்கிய இந்தக் கோட்டை அவர் கைக்கு வர, 1530 முதல் 1545 வரை மறுமலர்ச்சிப் பாணி அரண்மனையாக மாற்றினார். கிராக்கூவில் ராஜா இருந்த வாவெல் அரண்மனைக்கு ஈடாக இருக்க வேண்டும் என்று ஆசை. வட்டிக்காசு எவ்வளவு தூரம் போகும் என்று பார்க்க இந்த ஒரு சுவர் போதும் என்று நான் ஒவ்வொரு தடவையும் நினைப்பேன்.

1655இல் ஸ்வீடன் படை வந்தது. சேதம். பிறகு வார்ஷிட்ஸ்கி என்ற பிரபு வாங்கிச் செப்பனிட்டார். 1702இல் மறுபடி ஸ்வீடன் படை, இந்தத் தடவை தீ. அதற்கப்புறம் எழவே இல்லை. 1810 வாக்கில் கடைசியாகக் குடியிருந்தவர்களும் போய்விட்டார்கள். அப்புறம் கல் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கிப் போனது.

அந்த வார்ஷிட்ஸ்கி செத்தும் போகவில்லையாம். கனத்த சங்கிலியை இழுத்துக்கொண்டு கறுப்பு நாயாக ராத்திரியில் கோட்டையைச் சுற்றுகிறார் என்பது கதை. ஆள் அவ்வளவு கொடுமைக்காரராம். ஆனால் ஸ்வீடன்காரர்களிடமிருந்து நாட்டைக் காக்கப் பணமும் படையும் கொடுத்தவரும் இவரேதான். ஊர் நினைவில் நாய்தான் மிஞ்சியது.

மற்றபடி, தயாராக இருங்கள்: குன்றடியில் திருவிழாக் கடைத்தெரு. மரவாள், பிளாஸ்டிக் கேடயம், வாஃபில், பொம்மைத் துப்பாக்கி. நெட்ஃபிளிக்ஸின் விட்சர் தொடரின் முதல் சீசனில் வரும் ஒரு போர்க்காட்சியை இங்கே எடுத்த பிறகு கூட்டம் இன்னும் ஏறிவிட்டது. காலையில் திறந்தவுடன் உள்ளே போய்விடுங்கள். பதினோரு மணிக்கு மேல் படிக்கட்டுகளில் ரங்கநாதன் தெரு.

22 ஏப்ரல்

"பாதையில் உள்ள எல்லாக் கோட்டையும் சுண்ணாம்புப் பாறை மேல்தான்" என்று வேறொரு பதிலில் அடித்துவிட்டிருந்தேன். பிடித்துவிட்டார்கள், சரிதான். ரூத்னோவில் உள்ள டெஞ்சின் கோட்டை நிற்பது எரிமலைக் குழம்பு இறுகிய பாறையில். ஜூராக் கடலைவிடப் பழையது. கல் கறுப்பும் பழுப்புமாக இருக்கும். நான் அங்கே இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவையும் கவனிக்கவில்லை. வெள்ளைக் கல்லைப் பார்க்கத்தான் வந்தேன் என்று முடிவு செய்துவிட்டால் கறுப்பும் வெள்ளையாகத்தான் தெரியும் போல.

3 மே, ராத்திரி பத்து மணி

உங்கள் கேள்வியால் இன்று மிரூவுக்கும் பொபொலீட்சேவுக்கும் மறுபடி போய் வந்தேன். ஐந்து வருஷத்துக்கு முந்தைய கோபத்தை வைத்துக்கொண்டு இன்னொருவருக்கு வழி சொல்கிறோமே என்று உறுத்தியது.

முதல் தப்பு, நாள். மே 1 தொழிலாளர் தினம், மே 3 அரசியலமைப்பு தினம், நடுவில் ஒரு நாள் லீவு போட்டால் நாடே வெளியில். வண்டி நிறுத்த இடம் தேடியே முக்கால் மணி நேரம் போனது.

இரண்டாவது தப்பு, செருப்பு. ராத்திரி மழை பெய்திருந்தது. மிரூவிலிருந்து பொபொலீட்சே வரை இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு, பாறை முதுகை ஒட்டியே நடக்கலாம். பாறையேறிகள் பிடித்துப் பிடித்து, மிதித்து மிதித்து, சில இடங்களில் கல் கோயில் படி மாதிரி மழமழவென்று இருக்கிறது. அதன் மேல் ஈரம். உட்கார்ந்த வாக்கில் ஒரு ஆள் உயரம் சறுக்கினேன். கீழே நின்ற ஒரு பாட்டி "பானே, பானே" என்று கத்தினார். நம் ஊரில் "சார், சார்" என்று கத்துவது போல. முழங்கையில் தோல் போனது, வேறொன்றும் இல்லை.

மிரூவில் உள்ளே விடவில்லை. பாதுகாப்பு வேலை நடப்பதாக வேலி போட்டிருக்கிறார்கள், சுற்றி நடந்து பார்க்கலாம். அது போதும், அது வெளியிலிருந்து பார்க்க வேண்டிய கோட்டைதான்.

அப்புறம் பொபொலீட்சே. வாசலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான் சீட்டு வாங்கினேன். உள்ளே ஒரு விஷயம் என்னைப் பிடித்து நிறுத்தியது. அளவு. அறைகள் எவ்வளவு சின்னவை! பாறை எவ்வளவு இடம் கொடுத்ததோ அவ்வளவுதான் வீடு. படிக்கட்டில் ஒருவர் இறங்கினால் இன்னொருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இடிபாட்டில் நின்றால் எல்லாம் வானத்தைப் பார்த்துத் திறந்து கிடப்பதால் கோட்டை பெரிதாகத் தெரிகிறது. கூரை போட்ட பிறகுதான் அது எவ்வளவு இறுக்கமான வாழ்க்கை என்று உடம்புக்கு உறைக்கிறது. மிரூவை ஐந்தாறு தடவை பார்த்தும் எனக்கு இது தோன்றியதில்லை.

எனவே திருத்தம்: பையன் வருகிறான் என்றால் பொபொலீட்சேயும் போங்கள். மிரூவை முதலில் பார்த்துவிட்டு, நடந்து, பிறகு அது. வரிசையை மாற்றாதீர்கள்.

4 மே

நேற்று எழுதியதைப் படித்தால் கட்சி மாறிய அரசியல்வாதி மாதிரி இருக்கிறது. முழுக்க மாறவில்லை. 1999இல் பொபொலீட்சேயின் உரிமையாளரான குடும்பம் அதைக் கட்டும் வேலையைத் தொடங்கும்போது அங்கே மிஞ்சியிருந்தது சில சுவர்த் துண்டுகள்தான். 1657இல் ஸ்வீடன் படை பாழாக்கியது. 1683இல் வியன்னா போரில் சண்டை போடப் போகிற வழியில் சொபியெஸ்கி ராஜா இங்கே தங்கியபோதே கூடாரம் அடித்துத்தான் படுத்தாராம். அப்படி இருக்க, மேல்மாடியும் கோபுரத் தலைப்பும் எப்படி இருந்தன என்பது ஊகம்தானே. அந்த ஊகத்தைக் கல்லில் கட்டிவிட்டால் அடுத்த தலைமுறைக்கு அது ஊகம் என்றே தெரியாது. பழங்கட்டடப் பாதுகாப்பு நிபுணர்கள் பலர் திட்டியதும் இதற்காகத்தான்.

ஆனால் ராத்திரி படுத்தபின் இன்னொன்று உறுத்தியது. நான் 'நிஜமான இடிபாடு' என்று கொண்டாடுகிற ஒக்ரோஜெனியெட்ஸில் 1949 முதல் 1973 வரை வேலை நடந்திருக்கிறது. சுவரைக் கெட்டிப்படுத்தி, படி கட்டி, நடைமேடை போட்டு, 'இனிமேல் இப்படியே நிற்கும் இடிபாடு' என்று முடிவு செய்து நிறுத்தி வைத்தார்கள். தானாக விட்டிருந்தால் அது இன்னும் கொஞ்சம் விழுந்திருக்கும். எந்த வருஷத்து இடிபாடு என்பதையும் யாரோ தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். பொபொலீட்சேக்காரர்கள் இன்னும் பின்னால் போய் ஒரு வருஷத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். என்ன, அந்த வருஷத்தை யாரும் பார்த்ததில்லை.

உண்மையிலேயே யாரும் கை வைக்காத மிச்சம் வேண்டுமென்றால் கோட்டையில் தேடாதீர்கள், கீழே கிராமத்தில் பாருங்கள். வெள்ளைக் கல் வைத்துக் கட்டிய பழைய தானியக் கொட்டகைகள் இன்னும் அங்கங்கே நிற்கின்றன. ஒழுங்காகச் செதுக்கிய மூலைக்கல் ஒன்று கரடுமுரடான சுவரில் பொருந்தாமல் உட்கார்ந்திருந்தால் அது எங்கிருந்து வந்தது என்று நானே முடிவு கட்டிக்கொள்வேன். தப்பாகவும் இருக்கலாம்.

19 மே

தண்ணீர். இதைச் சொல்லாமல் விட்டால் பாவம் சேரும்.

மேட்டுநிலத்தின் மேல் ஓடை, வாய்க்கால் எதுவும் கண்ணில் படாது. மழை விழுந்த வேகத்தில் கல் வெடிப்புக்குள் இறங்கிவிடும். உள்ளே குகை குடைந்து, அடியில் போய், பள்ளத்தாக்கில் ஊற்றாக வரும். போலந்தின் மூன்றாவது நீளமான ஆறான வார்த்தா, 808 கிலோமீட்டர் ஓடுகிற ஆறு, ஸாவியெர்சேயைச் சேர்ந்த குரொமோவூவில் ஒரு சின்னக் கோயிலுக்கு அடியில் ஊற்றாகப் பிறக்கிறது. குனிந்து பார்த்தால் நம் வீட்டுக் கிணற்றடித் தொட்டி அளவுதான்.

அதனால் மேலே கோட்டை கட்டியவர்களுக்குப் பெரிய எதிரி ஸ்வீடன்காரர் இல்லை, தாகம். பாறையைக் குடைந்து ஆழக் கிணறு தோண்டினார்கள், மழைநீர்த் தொட்டி கட்டினார்கள். ஸ்மோலென் கோட்டைக் கிணற்றை எட்டிப் பாருங்கள், தோண்டியவர்களை நினைத்தால் முதுகு வலிக்கும்.

நீங்கள் ஆளுக்கு இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள். கிராமத்துக் கடை ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்கும் என்று நம்பாதீர்கள்.

2 ஜூன்

நேற்று ஒல்ஷ்டின் போனேன். சரியான ஒல்ஷ்டின்.

மொட்டைக் குன்று, புல், ஆடு மாதிரி அங்கங்கே வெள்ளைப் பாறை, உச்சியில் ஒரு வட்டக் கோபுரம். கோபுரத்தின் அடியில் சிறை. மாச்கோ பொர்கோவிட்ஸ் என்ற போஸ்னான் ஆளுநர் கசிமிர் ராஜாவுக்கு எதிராகக் கூட்டு சேர்த்தார். ராஜா அவரை இங்கே போட்டுப் பட்டினியால் சாகவிட்டார். ஒரு கட்டு வைக்கோலும் ஒரு வாளித் தண்ணீரும் மட்டும் கொடுத்தார்கள், நாற்பது நாள் தாங்கினார் என்பது வழிவழியாகச் சொல்லும் கதை. கோட்டை கட்டிய நல்ல ராஜாவின் பெயர் இதிலும் வருகிறது.

1587இல் இன்னொன்று. போலந்து அரியணைப் போட்டியில் ஆஸ்திரியாவின் மாக்ஸிமிலியன் படை கோட்டையை முற்றுகை இட்டது. காவல் தலைவர் காஸ்பர் கார்லின்ஸ்கி. அவருடைய கைக்குழந்தையைத் தாதியோடு பிடித்து, படைக்கு முன்னால் நிறுத்திக்கொண்டு ஏறி வந்தார்களாம். பீரங்கியின் திரியைக் கொளுத்த யாரும் துணியவில்லை. அவரே கொளுத்தினார் என்கிறது கதை. கோட்டை விழவில்லை.

பையனிடம் முதல் கதையைச் சொல்லுங்கள். இரண்டாவதை ஊருக்குப் போனபிறகு.

3 ஜூன்

இரண்டாவது கதையை நான் சொன்ன விதத்தில் ஒரு வீரம் ஒட்டிக்கொண்டது. மாலை அந்தக் குன்றில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அந்தத் தாதிதான் திரும்பத் திரும்ப ஞாபகம் வந்தார். யார் பெற்ற பிள்ளை, யார் போட்ட சண்டை!

16 ஜூன்

ஓய்ட்சூவைப் பற்றிக் கேட்டிருந்தார்கள். கிராக்கூவிலிருந்து கிட்ட. போலந்தின் மிகச் சின்னத் தேசியப் பூங்கா, 1956இல் அறிவித்தது, 21 சதுர கிலோமீட்டர் சொச்சம். கோட்டையில் மிஞ்சியது ஒரு வாசலும் கோபுரமும் கொஞ்சம் சுவரும். தன் அப்பா வொகியெத்தெக் இங்கே ஒளிந்து தப்பியதன் நினைவாக 'பாறையடியில் அப்பா' என்ற பொருளில் கசிமிர் இட்ட பெயராம். அப்பா ஒளிந்த குகையையும் காட்டுகிறார்கள். வாசலில் சிலந்தி வலை பின்னிவிட்டதால் துரத்தி வந்தவர்கள் உள்ளே யாரும் இல்லை என்று திரும்பிப் போனார்களாம். அந்த வாசலில் இப்போது சிலந்தி வலை மாதிரியே இரும்புக் கதவு.

பள்ளத்தாக்கில் பொரித்த ட்ரவுட் மீன் கிடைக்கும். சாப்பிடுங்கள். மேலே நாக்குக்கு உறைப்பாக எதையும் எதிர்பார்க்காதீர்கள், ஊறுகாய் பாட்டில் பையில் இருக்கட்டும்.

இன்னொன்று, சம்பந்தம் குறைவுதான். எனக்கு ஊர் அரியலூர். சின்ன வயதில் சிமென்ட் சுரங்கத்துப் பக்கம் போய்ச் சுருள் சுருளான கல் நத்தைகளைப் பொறுக்கியவன். அம்மோனைட் என்ற பெயர் பிறகு தெரிந்தது. இங்கே ஒரு பாதையோரக் கல்லில் அதே சுருளைப் பார்த்தபோது மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டேன். அரியலூர்க் கடல் இதைவிடப் பல கோடி வருஷம் பிந்தையது, இரண்டுக்கும் உறவே இல்லை. தெரியும். ஆனாலும் ஊர்க்காரனைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒக்ரோஜெனியெட்ஸ் ஊரிலும் ஒரு சிமென்ட் ஆலை இருந்தது என்று பிறகு கேள்விப்பட்டேன். சுண்ணாம்பு இருக்கிற ஊருக்கு எங்கேயும் ஒரே தலையெழுத்து.

30 ஜூன்

சரி, கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். ஒரு நாள் ஓய்ட்சூவும் பியெஸ்கோவா ஸ்கவாவும். பியெஸ்கோவா ஸ்கவா முழுசாக நிற்கும் அரண்மனை, முற்றம் அழகு. ஒரு நாள் ஒக்ரோஜெனியெட்ஸ், சீக்கிரம் எழ முடிந்தால். ஒரு நாள் மிரூவிலிருந்து பொபொலீட்சே நடை. கடைசி நாள் ஒல்ஷ்டின், சாயங்கால வெயிலில். ஆகஸ்ட் 15க்கு முந்தைய வாரம் செஸ்தகோவா பக்கம் போனால், கறுப்பு மாதாவைத் தரிசிக்க நடந்து வரும் யாத்திரைக்காரர்கள் சாலை முழுக்க. பழனி பாதயாத்திரை பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சி. ஆனால் அறை கிடைக்காது.

பஸ்ஸை நம்பாதீர்கள். ஸாவியெர்சே வரை ரயில் வசதி. அதன்பின் வார இறுதியில் கால்மணி, அரைமணிக்கு ஒன்றெல்லாம் கிடையாது. நான் ஒரு தடவை கடைசி பஸ்ஸை விட்டுவிட்டுப் பத்து கிலோமீட்டருக்கு மேல் நடந்தேன். நல்ல நிலா, அது மட்டும் அதிர்ஷ்டம்.

25 ஆகஸ்ட்

கேள்வி கேட்ட குடும்பத்தார் வந்து போய்விட்டார்கள். கிராக்கூவில் ஒரு மாலை வீட்டுக்கு வந்து டீ குடித்தார்கள். வரிசையை மாற்றிவிட்டார்களாம், பொபொலீட்சே முதலில், மிரூவ் பிறகு. இவ்வளவு எழுதியும். அப்பாவுக்கு மிரூவ் சப்பென்று இருந்ததாம். அம்மாவுக்கு இரண்டுமே வேண்டாம், ஓய்ட்சூ மீன்தான். பையன் என் முழங்கைத் தழும்பைக் காட்டச் சொன்னான். அவனும் அதே இடத்தில் வழுக்கினானாம், ஆனால் விழவில்லை என்று மூன்று தடவை சொன்னான்.

ஒக்ரோஜெனியெட்ஸில் வாங்கிய மரவாளை சோஃபாவுக்குப் பின்னால் மறந்துவிட்டான். தபாலில் அனுப்பலாம் என்று விசாரித்தேன், வாளின் விலையைப் போல ஆறு மடங்கு. பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது எடுத்து வருகிறேன் என்று சொல்லுங்கள். விமானத்தில் கைப்பையில் விடுவார்களா என்று யாருக்காவது தெரியுமா?

26 ஆகஸ்ட்

பெட்டியில் போடச் சொல்கிறார்கள். அளந்து பார்த்தேன், பெட்டியைவிட வாள் நீளம்.